எந்த நாடு என்று கேட்காதீர்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்கள். சினிமா, அரசியல், ஆன்மிகம் எல்லாம் அடுத்த வாரத்துக்கு. இந்த வாரம் முழுக்க இதுதான்.

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் செட்டில் ஆக எந்த நாடு நல்லது?
— கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: என்ன வேலை என்று நீங்கள் சொல்லுங்கள், எந்த நாடு என்று நான் சொல்கிறேன். டை டிசைன், மெஷின் டூல் என்றால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரம். ஏசி, பைப்பிங், பம்ப் என்றால் வளைகுடா. சிப் ஆலைகளின் பராமரிப்பு என்றால் சிங்கப்பூர். சுரங்க இயந்திரங்கள் என்றால் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம். வேலையில் சேரும் முதல் நாள் காலை உங்கள் கையில் என்ன இருக்கும்? வெர்னியரா, லேப்டாப்பா, ஹெல்மெட்டா? இதற்குப் பதில் தெரியும் வரை விசா விண்ணப்பத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: கோவையில் ஒரு டூல் ரூமில் நான்கு வருடமாக டிசைன் இன்ஜினியர். ஜெர்மனி போக ஜெர்மன் மொழி கட்டாயமா? ஆங்கிலமே போதும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள்.
— வாசகர், பீளமேடு

பதில்: விசாவுக்குக் கட்டாயம் இல்லை. வேலைக்குக் கட்டாயம்.

ஐரோப்பிய 'புளூ கார்டு' வாங்க மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. செல்லுபடியாகும் பட்டம், அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை, சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம், இவ்வளவுதான். 2025-ல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோ. பொறியியல் இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தொகை மாறும். விண்ணப்பிக்கும் வருடத்துத் தொகையைப் பாருங்கள். பட்டம் செல்லுமா என்பதை 'அனாபின்' என்ற அரசுத் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அங்கே தேட வேண்டியது பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரை. கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டுக் காணோம் என்று பதறுகிறவர்கள் நிறைய.

இனி மொழிக்கு வருவோம். புளூ கார்டில் போனவர் ஏ1 அளவு ஜெர்மனோடு 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். பி1 முடித்தவர் 21 மாதத்திலேயே கேட்கலாம். பி1-க்கு அந்த அரசே போட்டிருக்கும் விலை ஆறு மாதம்.

ஆனால் நான் பி1 படியுங்கள் என்று சொல்வது அந்த ஆறு மாதத்துக்காக அல்ல. நீங்கள் டூல் ரூம்காரர். நீங்கள் வரைந்த ஃபிக்ஸ்சரில் ஜாப் ஏன் அசைகிறது என்று தெரிந்தவர் மீட்டிங் அறையில் இருக்க மாட்டார், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். முப்பது வருடம் அதே ஸ்பிண்டில் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த மனிதர். கிளாம்ப்பை எங்கே மாற்ற வேண்டும் என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டியபடி ஜெர்மனில் சொல்வார். அது புரியாதவருக்கு மறுநாளும் அதே ரிஜெக்ஷன். மீட்டிங்கில் உங்களுக்காக எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். காபி மெஷின் அருகே மறுபடி ஜெர்மனுக்குப் போய்விடுவார்கள். பாதி முடிவுகள் எடுக்கப்படுவது அங்கேதான்.

2024 ஜூன் 1 முதல் 'சான்ஸ் கார்டு' என்று ஒன்று வந்திருக்கிறது. வேலை கையில் இல்லாமலே போய் ஒரு வருடம் வரை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். உங்களுக்கு அது வேண்டாம். நான்கு வருட டூல் ரூம் அனுபவம் கையில் இருக்கிறது. இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே தேடுங்கள், மாலையில் மொழி படியுங்கள். கையிருப்பு கரையக் கரைய, குளிரில் வேலை தேடும் நெருக்கடியில் எந்த வேலை கிடைத்தாலும் தலையாட்டத் தோன்றும்.

கேள்வி: மகன் மியூனிக்கில் வீடு பார்த்திருக்கிறான். வீட்டில் சமையலறை இல்லை என்கிறான். வீட்டுக்காரர் ஏமாற்றுகிறாரா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கரூர்

பதில்: ஏமாற்று இல்லை ஐயா, அங்கே வழக்கமே அப்படி. பல வாடகை வீடுகளில் சமையலறை என்பது தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடிவருகிறவர் பொறுப்பு. காலி செய்து போகிறவரிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொள்வதும் உண்டு. சொன்ன வாடகை 'குளிர் வாடகை'யா, 'சூடு வாடகை'யா என்றும் கேட்கச் சொல்லுங்கள். முதலாவதில் ஹீட்டிங்கும் பராமரிப்பும் சேராது. அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கேள்வி: ஏழு அரியர் வைத்து முடித்தேன். வெளிநாட்டுக் கதவு மூடியாயிற்றா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: முடித்துவிட்டீர்கள் அல்லவா, கதவு திறந்துதான் இருக்கிறது. மேல்படிப்பு என்றால் அரியர் உறுத்தும், வேலை என்றால் அனுபவம் அதை மூடும். எந்தப் பேப்பர் போனது, எப்போது எழுதித் தேறினீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்டில் இருப்பதை மறைக்க முயன்றால்தான் கதவு மூடும்.

கேள்வி: இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் 'ரெடி பண்ணி' தருவதாக அம்பத்தூரில் ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. எல்லோரும் செய்வதுதானே?
— பெயர் வேண்டாம்

பதில்: எல்லோரும் செய்வதில்லை. செய்தவர்களில் தூங்குகிறவர் குறைவு. உங்கள் பி.எஃப். கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்த மாதம் சேர்ந்தீர்கள், எந்த மாதம் விலகினீர்கள் என்று பதிவு இருக்கிறது. சரிபார்க்கிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். குடியேற்ற விண்ணப்பத்தில் பொய் சொன்னால் கனடா ஐந்து வருடம் உள்ளே விடாது. ஐந்து வருடம் தம்பி! அதற்குள் நிஜமாகவே இரண்டு வருட அனுபவத்தை இரண்டு முறை சேர்த்துவிடலாம்.

கேள்வி: மகளை இந்த வருடம் பி.இ. சேர்க்கிறேன். பிற்காலத்தில் வெளிநாட்டில் செல்லுபடியாகும் கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கல்லூரி விளம்பரத்திலும் 'அங்கீகாரம் பெற்றது' என்றுதான் இருக்கிறது.
— மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: கவுன்சிலிங்குக்கு முன்னாலேயே இதைக் கேட்டதற்கு உங்களைக் கும்பிட வேண்டும். பெரும்பாலோர் கேட்பது விசா மறுக்கப்பட்ட பிறகு.

விளம்பரத்தில் இருக்கும் 'அங்கீகாரம்' பல வகை. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி என்பது கல்லூரி நடத்த அனுமதி. 'நாக்' தருவது கல்லூரி முழுவதற்குமான தரம். நீங்கள் பார்க்க வேண்டியது என்.பி.ஏ. அது ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பரிசோதித்துத் தருவது. ஒரே கல்லூரியில் சிவிலுக்கு இருக்கும், இ.சி.இ.-க்கு இருக்காது. மகள் சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா, அவள் படிக்கும் வருடங்களுக்குச் செல்லுமா என்று என்.பி.ஏ.வின் தளத்திலேயே பாருங்கள். கல்லூரி வாசலில் இருக்கும் பேனரைப் பார்த்து நம்ப வேண்டாம்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் 'வாஷிங்டன் ஒப்பந்த'த்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினர் ஆனது. என்.பி.ஏ. இரண்டு வகைக் கல்லூரிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகள் முதல் வகை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் இரண்டாம் வகை. ஒப்பந்தத்தின் பலன் முதல் வகைக்கு மட்டும்தான். அட்மிஷன் அலுவலகத்தில் இதைச் சொல்லவே மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.

இதெல்லாம் வெறும் காகிதம் என்று நினைத்தால் குவைத்தைப் பாருங்கள். 2018-ல் அங்கே ஒரு விதி வந்தது. பொறியாளராக விசா புதுப்பிக்க வேண்டுமென்றால் குவைத் பொறியாளர் சங்கத்தின் சான்று வேண்டும். இந்தியப் பட்டம் என்றால் என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும். என்.பி.ஏ. தொடங்கியதே 1994-ல். அதற்கு முன் படித்து, அங்கே பாலமும் பைப்லைனும் கட்டிக்கொண்டிருந்த மூத்த பொறியாளர்கள் தாங்கள் படித்த காலத்தில் இல்லாத சான்றுக்கு எங்கே போவார்கள்? 'இன்ஜினியர்' என்ற பதவிப் பெயரையே விட்டுக்கொடுத்து வேறு பெயரில் விசா புதுப்பித்தவர்கள் உண்டு. அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் மகளுக்கு அது நேர வேண்டாம். இன்று அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள்.

கேள்வி: துபாயில் சைட் இன்ஜினியர் வேலை. மாதம் 6,000 திர்ஹாம். போகலாமா?
— சிவில் பட்டதாரி, நாகர்கோவில்

பதில்: அந்த 6,000-ல் பேசிக் எவ்வளவு? அதைச் சொல்லாமல் 'போகலாமா' என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமீரகச் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு வேலையை விட்டுப் போகும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதன்பின் வருடம் 30 நாள். எந்தச் சம்பளம்? பேசிக் மட்டும். ஒரு கம்பெனி 2,000 பேசிக், 4,000 அலவன்ஸ் என்று போடுகிறது. இன்னொன்று 3,600 பேசிக், 2,400 அலவன்ஸ். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றே. ஐந்து வருடம் கழித்து முதலாமவர் வாங்குவது சுமார் 7,000 திர்ஹாம், இரண்டாமவர் 12,600. ஒரே சைட், ஒரே வெயில், ஒரே உழைப்பு!

அடுத்தது, வேலைக்கு எடுக்கும் செலவையும் விசா செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறோம் என்றால் அது சட்டவிரோதம். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. 'முதலில் விசிட் விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்றால் போகாதீர்கள். விசிட் விசாவில் சைட்டில் வேலை பார்த்தால் சட்டப்படி நீங்களும் குற்றவாளி.

அங்கத்தத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் படிவம் தமிழிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழில் கேட்டு வாங்கி, அம்மா அப்பாவையும் உட்காரவைத்துப் படியுங்கள்.

இன்னொன்று, இது பொறியாளராக உங்கள் கடமை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஷெட்யூல் பிந்துகிறது என்று அந்த நேரத்தில் ஆட்களை மேலே ஏற்றச் சொல்வார்கள். அன்றைக்கு ஹெல்மெட் போட்டு நிற்பவர் நீங்கள்தான், ஏறுகிறவர்களில் நம் ராமநாதபுரத்துக்காரரும் இருப்பார். ஏற்றாதீர்கள்.

கேள்வி: சவுதி வேலைக்கு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். நியாயமா?
— எலெக்ட்ரிகல் பட்டதாரி, கடலூர்

பதில்: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ரசீதோடு. மூன்று லட்சம் எந்தக் கணக்கு என்று அவரிடமே கேளுங்கள். 'இமைக்ரேட்' தளத்தில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் அங்கே ஒருமுறை பதிவு செய்து பாருங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் ஐ.டி. வேலை, மாதம் ஒரு லட்சம். போனில் ஐந்து நிமிடம் பேசினார்கள், டைப்பிங் டெஸ்ட் வைத்தார்கள், டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். வரும் வாரம் கிளம்புகிறேன். வாழ்த்துங்கள்.
— பி.டெக். பட்டதாரி, தஞ்சாவூர்

பதில்: வாழ்த்த மாட்டேன். கிளம்பாதீர்கள்.

இதழ் வெளிவரும் வரை காத்திருக்காமல் இந்தப் பதிலை உங்களுக்கு நேரடியாகவும் அனுப்பச் சொல்லிவிட்டேன். பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும். ஊருக்குள் போகாது, மணிக்கணக்கில் வடமேற்கே ஓடும். மே சொட் என்ற எல்லை ஊர் வரும். அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. அங்கே உள்ள வளாகங்களில் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, வெளிநாட்டவரை ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகமே இந்தக் கும்பல்களைப் பற்றி எச்சரித்தது. குறிவைக்கப்படுகிறவர்கள் ஐ.டி. தெரிந்த இளைஞர்கள், பதவி 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' என்று விவரமாகச் சொன்னது. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே கதை நடக்கிறது.

உண்மையான கம்பெனி ஒரு பொறியாளரை ஐந்து நிமிடத்தில் எடுக்காது. நீங்கள் எழுதிய கோடைப் பார்க்கும், செய்த பிராஜெக்டைத் துருவும், வேலை விசாவை இங்கேயே எடுத்துத் தரும். போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற விசாவில் எவரும் வேலைக்குப் போகக் கூடாது. டிக்கெட் பணம் அவர்களுடையது, போகட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க 40 லட்சம் கடன். வங்கி தயார். நான் தயாரா?
— இ.சி.இ. பட்டதாரி, சேலம்

பதில்: ஒரே ஒரு சோதனை. படித்து முடித்ததும் இந்தியாவுக்கே திரும்ப வேண்டி வந்தால், இங்கே வாங்கும் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் தயார்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், படிப்புக்குப் பின் அங்கேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. 12 மாதம், பொறியியலுக்கு மேலும் 24 மாதம். அதற்குள் எச்1பி குலுக்கலில் பெயர் வர வேண்டும். வருடத்துக்கு 65,000 இடமும், அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்கு 20,000 இடமும்தான் உலகம் முழுவதற்கும். 2025 செப்டம்பரில், வெளியிலிருந்து புதிதாக எச்1பியில் வருகிறவருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளாக நீண்டு கிடக்கிறது. ஆனாலும் வி.எல்.எஸ்.ஐ. ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார வேண்டும் என்ற வேட்கை உங்களுக்கு இருந்தால் போங்கள். அந்த ஆய்வகங்களுக்கு ஈடு குறைவு. குலுக்கலை நம்பி மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பேராதனையில் பொறியியல் படித்தேன். ஸ்கார்பரோவுக்கு வந்த பின் ஒரு கிடங்கில் வேலை. என்னை 'இன்ஜினியர்' என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாதாமே?
— வாசகர், டொராண்டோ

பதில்: ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவர்களை விட உங்கள் பாதை இப்போது நேராகிவிட்டது.

முன்பு கனடாவிலேயே ஒரு வருடப் பொறியியல் அனுபவம் வேண்டும் என்றார்கள். உரிமம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் உரிமம் கிடைக்காது. இந்தப் பூட்டுக்குள் சிக்கித்தான் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த எத்தனையோ பொறியாளர்கள் டாக்ஸியும் கிடங்குமாக வாழ்க்கையைக் கழித்தார்கள். ஒரு தலைமுறையின் அறிவு அப்படி வீணானது. 2023 மே மாதம் ஒன்டாரியோவின் உரிமம் வழங்கும் அமைப்பு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இலங்கையில் செய்த வேலையையும் இப்போது அனுபவமாகக் காட்டலாம். இலங்கையும் 2014-ல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் உறுப்பினர் ஆகிவிட்டது. நீங்கள் படித்த ஆண்டு அதற்குள் வருகிறதா பாருங்கள்; வராவிட்டாலும் தனியாக மதிப்பிட வழி இருக்கிறது.

செய்ய வேண்டியது: பேராதனையிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், முன்பு உங்களுக்கு மேலே இருந்த பொறியாளர்களின் தொடர்பு, ஏனென்றால் நீங்கள் எழுதுவதை உறுதிசெய்ய அவர்கள் வேண்டும், தொழில் நெறியும் சட்டமும் பற்றிய தேர்வு. கிடங்கு வேலையை விட வேண்டாம், மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

அங்கத்தப் பொறியாளர்கள் சுண்டுவிரலில் இரும்பு வளையம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1925-ல் தொடங்கிய சடங்கு அது. 1907-ல் 75 பேரைக் கொன்று விழுந்த கியூபெக் பாலத்தின் இரும்பில் செய்தது என்பார்கள், அது கட்டுக்கதை. வளையம் உரிமமும் அல்ல. அது கையில் இல்லையே என்று கூச வேண்டாம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கான திறன் மதிப்பீட்டு அறிக்கையை எழுதித்தர ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— பிளான்ட் இன்ஜினியர், தூத்துக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அறிக்கையில் மூன்று பணி அனுபவங்களை எழுத வேண்டும். உங்கள் குழு என்ன கட்டியது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. எந்தக் கணக்கை நீங்கள் போட்டீர்கள், எந்த இடத்தில் நீங்கள் முடிவெடுத்தீர்கள், எது தவறி எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதுதான் வேண்டும். பாய்லர் டியூப் வெடித்த ராத்திரி நீங்கள் எந்த வால்வை முதலில் மூடச் சொன்னீர்கள் என்பது 20,000 ரூபாய்க்காரருக்குத் தெரியுமா? அவர் போன மாதம் இன்னொருவருக்கு எழுதியதை உங்களுக்கும் கொடுப்பார். நகலை மென்பொருள் வைத்துக் கண்டுபிடித்துத் தடை போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கு பி.இ.யை மறைத்து ஒர்க் பெர்மிட்டில் போய்விடலாமா? ஊரில் பலர் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: போனவர்களிடம் எத்தனை பேர் பொறியாளராக மாறினார்கள் என்று கேளுங்கள். பெர்மிட்டில் கழியும் வருடங்கள் பொறியியல் அனுபவமாக எண்ணப்படுவதில்லை. இரண்டு, மூன்று முறை புதுப்பித்த பின் கையில் பட்டமும் பழையதாகிவிடும், அனுபவமும் இராது. உங்கள் படிக்கட்டு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் அதற்குக் குறைந்தது 3,300 சிங்கப்பூர் டாலர் சம்பளம். அதற்கு மேலே இ-பாஸ், குறைந்தது 5,600. குடும்பத்தை அழைத்துவர 6,000 டாலர் சம்பளம் வேண்டும், இதை மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஐ.பி.ஏ. என்ற முன் ஒப்புதல் கடிதத்தில் அச்சிட்ட சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றாக இருந்தால் மட்டும் விமானம் ஏறுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணம் முடித்துவிட்டுப் போ என்கிறார்கள் வீட்டில்.
— மென்பொருள் பொறியாளர், மதுரை

பதில்: வேலை உங்கள் தேதிக்குக் காத்திருக்காது, நல்ல மாப்பிள்ளை காத்திருப்பார். வீட்டில் ஒரு தகவல் சொல்லுங்கள்: புளூ கார்டு உள்ளவரின் துணைக்கு மொழித் தேர்வு இல்லை, வந்த நாளிலிருந்து எந்த வேலையும் செய்யலாம். அமெரிக்காவில் எச்1பி கணவனைத் தொடர்ந்து போய், படித்த படிப்பை அலமாரியில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் வீட்டில் இருக்கும் நம் பெண் பொறியாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கடிதங்களில் இருக்கும் வலி பெரிது. உங்கள் விஷயத்தில் முதல் விசா உங்களுடையது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகன் மெல்போர்னில். நானும் அவன் அம்மாவும் மட்டும் இங்கே. அனுப்பியது தவறோ என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது.
— வாசகர், நாமக்கல்

பதில்: தவறில்லை ஐயா. நீங்கள் படிக்க வைத்ததால்தான் அவரால் போக முடிந்தது. ஆனால் தனிமை தனிமைதான், அதைப் பணத்தால் ஈடுகட்டிவிட்டதாக யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். வங்கிக் கணக்குகளை இருவரில் எவரும் எடுக்கும்படி மாற்றுங்கள். மருத்துவக் கோப்பை ஒரே பையில் போட்டு, எங்கே இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டிவையுங்கள். அவர் எண் மகனிடமும் மகன் எண் அவரிடமும் இருக்கட்டும். பேசுவதற்கு நேரம் குறியுங்கள். இங்கே மாலை ஐந்து மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பத்தரை. சோர்ந்து வந்திருப்பார், ஆகவே ஞாயிறு காலை மேல். பேசும்போது 'நல்லா இருக்கோம்' என்பதோடு நிறுத்தாதீர்கள். முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் மறைத்தால் அவரும் அங்கே மறைக்கப் பழகுவார்.

கேள்வி: தோஹா மெட்ரோவில் சுரங்கப் பணியில் இருந்தேன். இப்போது வயது 45. ஊர் திரும்ப ஆசை. இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று பயம்.
— வாசகர், கத்தார்

பதில்: பயத்தை விட்டுவிட்டு செய்தித்தாளைப் பாருங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலத்தடி. சுரங்கம் துளைக்கும் டி.பி.எம். ஓட்டிய கை, செக்மென்ட் விரிசலைக் கண்ணால் பிடிக்கும் அனுபவம், நிலத்தடி நீர் பீறிட்டபோது நிதானம் இழக்காத மனம், இவை இங்கே தேவைப்படுகின்றன. சம்பளம் குறையும், அதை முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி, பள்ளிக் கட்டணம் உட்பட கணக்குப் போட்டுவிடுங்கள்.

வருமான வரியில், திரும்பி வந்தவருக்குச் சில காலம் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லாத நிலை கிடைக்கலாம். அது நீங்கள் இறங்கும் தேதியைப் பொறுத்தது. டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். வந்ததும் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மெட்ரோ மாதிரிப் பெரிய வேலைகளை எடுப்பவை பல கம்பெனிகள் சேர்ந்து அமைக்கும் கூட்டு நிறுவனங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கூட்டு கலைந்துவிடும். பிறகு உங்கள் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது, லெட்டர்ஹெட்டும் இருக்காது. உங்கள் பிராஜெக்ட் மேனேஜர் இன்னும் தோஹாவில்தான் இருக்கிறார் என்றால் நாளைக்கே போய், எந்த நிலையம், எத்தனை மீட்டர் சுரங்கம், என்ன பொறுப்பு என்ற விவரங்களோடு எழுதி வாங்கிவிடுங்கள்.